உள்ளாட்சிக் கட்டிடங்களில் வேற்று நாட்டுக் கொடிகளை ஏற்றலாமா?

இங்கிலாந்தில் வசிக்கும் தமிழ் வாசகர் ஒருவரின் கேள்வி இது. அவருடைய ஊர் கவுன்சில், வெளிநாடு ஒன்றில் போர் மூண்டதும் அந்நாட்டின் கொடியை நகர மண்டபத்தில் ஏற்றியது. பிறகு வேறொரு நாட்டுக்காக இதே மரியாதையைச் சிலர் கேட்டபோது மறுத்துவிட்டது. இப்போது எந்த வெளிநாட்டுக் கொடியும் வேண்டாம் என்று ஒரு கட்சி தீர்மானம் கொண்டுவருகிறது. குப்பை அள்ளவும் தெருவிளக்கு எரியவும் பொறுப்பான ஒரு மன்றத்துக்கு இதில் என்ன வேலை, சட்டம் இதற்கு இடம் தருகிறதா, தந்தாலும் செய்யலாமா என்று அவர் கேட்கிறார்.

இங்கிலாந்தின் சட்டம் தாராளமாகவே இடம் தருகிறது. ஆனாலும், விருந்தினர் வருகை போன்ற ஓரிரு தருணங்களைத் தவிர, ஏற்றாமலிருப்பதே மேல் என்பது என் கருத்து. உள்ளூர் மன்றத்துக்கு உலக விவகாரங்களில் கருத்தே இருக்கக் கூடாது என்று நான் எண்ணவில்லை. கருத்தைச் சொல்ல அதற்கு உரிமை உண்டு என்பதை நீதிமன்றங்களும் ஏற்றிருக்கின்றன. என் தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு கொடியை எப்போது ஏற்றுவது என்பதை நிகழ்வு தீர்மானித்துவிடுகிறது. எப்போது இறக்குவது என்பதை யாரும் தீர்மானிப்பதில்லை. அந்த இரண்டாவது முடிவைத் தள்ளிப்போட்ட மன்றங்கள்தான் பின்னர் சிக்கலில் மாட்டிக்கொள்கின்றன.

முதலில் சட்டம். பலருக்கு வியப்பாக இருக்கலாம், இங்கிலாந்தில் கொடி என்பது சட்டத்தின் பார்வையில் ஒரு விளம்பரம். கடைப் பெயர்ப்பலகையையும் சாலையோரப் பதாகையையும் கட்டுப்படுத்தும் அதே 2007ஆம் ஆண்டு விளம்பரக் கட்டுப்பாட்டு விதிகள்தான், 2012லும் 2021லும் திருத்தப்பட்டு, கொடிகளையும் ஆள்கின்றன. எந்தெந்தக் கொடிகளைத் திட்டமிடல் அனுமதி பெறாமலே பறக்கவிடலாம் என்று ஒரு பட்டியல் அதில் இருக்கிறது. எந்த நாட்டின் தேசியக் கொடியும் அதில் அடக்கம். ஐக்கிய நாடுகள் சபையின் கொடியும் காமன்வெல்த் கொடியும் அடக்கம். வெளிநாடு ஒன்றின் உள்ளே இருக்கும் நிர்வாகப் பகுதியின் கொடிகூட அடக்கம். அதனால் ஸ்பெயினுக்குள் இருக்கும் கத்தலோனியாவின் கொடிக்கு அனுமதி தேவையில்லை. ஆனால் எந்த அரசும் தனி நாடாக அங்கீகரிக்காத ஒரு நிலத்தின் கொடிக்கு இந்த வாசல் அவ்வளவு எளிதாகத் திறப்பதில்லை. கொடியில் அதன் வடிவமைப்புக்கு மேல் எந்த வாசகமும் இருக்கக் கூடாது, நல்ல நிலையில் பராமரிக்கப்பட வேண்டும், இடத்தின் உரிமையாளரது ஒப்புதல் வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளும் உண்டு. கட்டிடம் கவுன்சிலுடையது என்னும்போது அந்த ஒப்புதலைத் தனக்குத்தானே கொடுத்துக்கொள்கிறது.

விளம்பர விதிகள் ஒருபுறம் இருக்க, உள்ளாட்சி மன்றம் வெளிநாட்டு விவகாரத்தில் தலையிடலாமா என்ற பெரிய கேள்வி 1980களிலேயே நீதிமன்றம் ஏறிவிட்டது. 1984இல் இங்கிலாந்து ரக்பி அணி நிறவெறி ஆட்சியிலிருந்த தென்னாப்பிரிக்காவுக்குச் சுற்றுப்பயணம் போனது. அதில் லெஸ்டர் ரக்பி கிளப்பின் வீரர்கள் மூவர் இருந்தனர். அவர்களைத் தடுக்க கிளப் போதிய முயற்சி எடுக்கவில்லை என்று கருதிய லெஸ்டர் மாநகர மன்றம், தன் மைதானத்தைக் கிளப் 12 மாதங்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தடை விதித்தது. 1985இல், அன்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அந்தத் தடையைச் செல்லாது என்றது. சட்டத்தை மீறாத ஒருவரைத் தண்டிக்க மன்றத்தின் அதிகாரத்தைப் பயன்படுத்த முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அதே லெஸ்டர் மன்றம் 2014இல், மேற்குக் கரையில் உள்ள இஸ்ரேலியக் குடியேற்றங்களில் விளையும் பொருள்களைச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குப் புறக்கணிப்பதாகத் தீர்மானம் போட்டது. அதை எதிர்த்த வழக்கு 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கோடு எங்கே விழுகிறது என்று தெரியும். மன்றம் கருத்துச் சொல்லலாம். அந்தக் கருத்தைக் காட்டி யாருடைய உரிமையிலும் கை வைக்கக் கூடாது. கொடி ஏற்றுவது கருத்துச் சொல்லும் பக்கத்தில் வருகிறது. எனவே இங்கிலாந்து கவுன்சில் ஒன்று வேற்று நாட்டுக் கொடியை ஏற்றியதாலேயே சட்டத்தை மீறிவிட்டது என்று வாதிடுவது கடினம். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி பல்வேறு சமூகத்தினரிடையே நல்லுறவை வளர்ப்பதில் உரிய கவனம் செலுத்த வேண்டிய கடமை மட்டும் அதன் தலைக்கு மேல் இருக்கிறது. அந்தக் கடமையைக் கொடி விஷயத்தில் எத்தனை மன்றங்கள் உண்மையிலேயே எண்ணிப் பார்க்கின்றன என்பது எனக்கு ஐயமே.

பிரான்சில் நிலைமை தலைகீழ். அங்கே பொதுக் கட்டிடத்தின் நடுநிலை என்பது ஒரு சட்டக் கோட்பாடு. கரீபியக் கடலில் பிரான்சின் பகுதியாக உள்ள மார்ட்டினிக் தீவில் செயின்ட் ஆன் என்ற ஊரின் மேயர், விடுதலை இயக்கத்தின் சிவப்பு, பச்சை, கறுப்புக் கொடியை நகர மண்டபத்தில் பறக்கவிட்டார். அரசியல், சமய, தத்துவக் கருத்துகளின் அடையாளங்களைப் பொதுக் கட்டிடங்களில் வைப்பதை நடுநிலைக் கோட்பாடு தடுக்கிறது என்று நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றமான கொன்செய் தேத்தா 2005 ஜூலை 27 அன்று தீர்ப்பளித்தது. 2021இல் வந்த சட்டம் இதற்கு ஒரு கூர்மையான கருவியையும் தந்தது. ஊர் மன்றத்தின் செயல் நடுநிலையைக் கடுமையாகப் பாதிக்கிறது என்று மைய அரசின் மாவட்டப் பிரதிநிதியான பிரெஃபே முறையிட்டால், 48 மணி நேரத்துக்குள் நீதிபதி அதை நிறுத்திவைப்பது குறித்து முடிவு சொல்ல வேண்டும்.

இவ்வளவு தெளிவான கோட்பாடு இருந்தும் நடைமுறை தெளிவாக இல்லை என்பதுதான் பிரெஞ்சு அனுபவத்தின் சுவாரசியம். 2022 முதல் பிரான்சின் எண்ணற்ற நகர மண்டபங்களில் உக்ரைன் கொடி பறந்தது, அரசு தடுக்கவில்லை. சென் ஜெர்மென் ஆன் லே நகரில் அதை அகற்றக் கோரிய வழக்கை வெர்சாய் நிர்வாக நீதிமன்றம் 2024 டிசம்பரில் தள்ளுபடி செய்தது. ஆக்கிரமிப்புக்கு உள்ளான நாட்டுக்கு ஆதரவு காட்டுவதை உள்நாட்டு அரசியல் நிலைப்பாடாகக் கருத முடியாது என்ற போக்கில் அந்தத் தீர்ப்பு அமைந்தது. ஆனால் நீஸ் நகர மண்டபத்தில் 2023 அக்டோபருக்குப் பிறகு தொங்கவிடப்பட்ட இஸ்ரேல் கொடிகளை அகற்றுமாறு 2025 ஜூனில் அந்நகர நிர்வாக நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்து, 2025 செப்டம்பர் 22 அன்று அதிபர் மக்ரோன் ஐ.நா.வில் பாலஸ்தீன அரசை அங்கீகரித்தார். அந்த நாளில் நகர மண்டபங்களில் பாலஸ்தீனக் கொடியை ஏற்றுமாறு சோசலிஸ்ட் கட்சித் தலைவர் ஒலிவியே ஃபோர் அழைத்தார். எதிர்க்குமாறு பிரெஃபேக்களுக்கு உள்துறை அமைச்சர் புரூனோ ரத்தாயோ அறிவுறுத்தினார். குடியரசின் தலைவரே அங்கீகரிக்கும் நாட்டின் கொடியை, அங்கீகரிக்கும் அதே நாளில், குடியரசின் நகர மண்டபத்தில் ஏற்றினால் நடுநிலை கெடும் என்று குடியரசின் அமைச்சர் சொல்கிறார். மேயர்கள் கோபப்பட்டதில் வியப்பில்லை. பாரிஸை ஒட்டிய மலக்கோஃப் நகரில் விவகாரம் நீதிமன்றம் போய், கொடியை இறக்காத ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் என்ற அளவுக்குச் சென்றது.

நீதிபதிகள் இங்கே பாரபட்சமாக நடந்தார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. நான் அப்படிப் பார்க்கவில்லை. 'ஒற்றுமை காட்டுவது' எது, 'நிலைப்பாடு எடுப்பது' எது என்று பிரிக்கும் வேலையை அவர்கள் மேல் சுமத்தினால், நாட்டில் எந்தப் போரைப் பற்றிக் கருத்தொற்றுமை இருக்கிறது, எதைப் பற்றி இல்லை என்பதையே அவர்கள் அளக்க வேண்டியிருக்கும். எல்லாரும் ஒரே பக்கம் நிற்கும்போது கொடி ஒற்றுமையாகத் தெரிகிறது; ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கும்போது அதே செயல் அரசியலாகிவிடுகிறது. அப்படியானால் கொடியின் சட்டத்தகுதி கொடியில் இல்லை, பார்ப்பவர்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. சிறுபான்மையினரைப் பாதுகாக்க வந்த ஒரு கோட்பாடு பெரும்பான்மையினரின் மனநிலையை அளவுகோலாகக் கொள்வது எனக்கு நெருடலாகவே இருக்கிறது.

மூன்றாவதாக அமெரிக்கா. பாஸ்டன் மாநகரம் பட்ட பாட்டை எந்தக் கவுன்சிலரும் ஒரு முறை படித்துவிட வேண்டும். அந்நகர மண்டபத்தின் முன் மூன்று கம்பங்கள் உண்டு. ஒன்றில் அமெரிக்கக் கொடி, இன்னொன்றில் மாசசூசெட்ஸ் மாநிலக் கொடி, மூன்றாவதில் வழக்கமாக நகரத்தின் கொடி. அந்த மூன்றாவது கம்பத்தை விழா நடத்தும் குழுக்களுக்கு நகரம் சிறிது நேரத்துக்கு விட்டுக்கொடுத்தது. 2005 முதல் 2017 வரை 284 கொடியேற்றங்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. வந்த விண்ணப்பம் ஒன்றையும் மறுக்கவில்லை. பிரேசில், சீனா, கியூபா, துருக்கி என்று பல நாட்டுக் கொடிகள் ஏறின. ஓர் உள்ளூர் கடன் சங்கத்தின் கொடிகூட ஏறியது. 2017இல் ஹரால்ட் ஷர்ட்லெஃப் என்பவர் தம் அமைப்பின் சார்பில் கிறித்தவக் கொடியை ஏற்ற விண்ணப்பித்தார். அரசு மதத்தை ஆதரிப்பதாகிவிடும் என்று பயந்த நகரம் முதல் முறையாக முடியாது என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2022 மே 2 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக நகரத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள்.

நீதிபதி பிரையர் எழுதிய தீர்ப்பின் தர்க்கம் இதுதான். கம்பத்தில் பறப்பது அரசு தானே பேசும் பேச்சாக இருந்தால், எதைப் பேசுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அரசுக்கு உண்டு. ஆனால் பாஸ்டன் எந்தக் கொடியையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. எழுதப்பட்ட கொள்கையும் இல்லை. விண்ணப்பம் வந்தால் தேதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. ஆகவே அது தனியார் பேச்சுக்கு மேடையாகிவிட்டது. மேடையைத் திறந்துவிட்ட பிறகு ஒருவரின் கருத்தைக் காரணம் காட்டி அவரை மட்டும் தடுக்க முடியாது. எதிர்த்தரப்பின் வழக்குச் செலவாக இருபது லட்சம் டாலருக்கு மேல் நகரம் கொடுக்க நேர்ந்தது. பிறகு அது தன் விதியை மாற்றி, மேயரோ மன்றமோ தீர்மானிக்கும் கொடிகள் மட்டுமே ஏறும் என்று எழுதிவைத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் எல்லாருக்கும் சரி என்று சொன்ன பெருந்தன்மைதான் அதைச் சிக்கவைத்தது.

அமெரிக்கச் சட்டம் இங்கிலாந்தைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மைதான். ஆனால் நியாய உணர்வு எல்லா ஊர்களிலும் ஒன்றுபோலவே வேலை செய்கிறது. ஒரு நாட்டின் கொடியை ஏற்றிய மன்றம், அடுத்து வருபவரிடம் ஏன் உனக்கு இல்லை என்று விளக்கியாக வேண்டும். அந்த விளக்கத்தை நேர்மையாகச் சொல்வதென்றால், உலகத்தின் துயரங்களை வரிசைப்படுத்தி, உங்கள் துயரம் இந்த வரிசையில் கீழே இருக்கிறது என்று தன் சொந்த ஊர்க்காரரிடமே சொல்ல வேண்டும். சூடானிலிருந்து வந்தவரும் மியன்மாரிலிருந்து வந்தவரும் காங்கோவிலிருந்து வந்தவரும் அதே மன்றத்துக்குத்தான் வரி கட்டுகிறார்கள். எந்தக் கவுன்சிலரும் இப்படிச் சொல்வதற்காகத் தேர்தலில் நிற்கவில்லை.

தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை. லண்டனின் ஏதாவதொரு கவுன்சில், நல்லெண்ணத்தோடு பிப்ரவரி 4 அன்று இலங்கைத் தேசியக் கொடியை ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். விதிகளின்படி அது ஒரு நாட்டின் தேசியக் கொடி, அனுமதி தேவையில்லை. மன்ற அலுவலருக்கு அது விடுதலை நாள் வாழ்த்து. அந்த ஊரில் வாழும் சிங்களவருக்குப் பெருமை. அதே ஊரின் ஈழத்தமிழர்களில் பலருக்கோ அது கரிநாள். வாளேந்திய சிங்கமும், சிறுபான்மையினருக்கென்று ஓரத்தில் ஒதுக்கப்பட்ட செம்மஞ்சள், பச்சைப் பட்டைகளும் அவர்களுக்குச் சொல்லும் செய்தி வேறு. அந்தக் கொடியை வடிவமைத்த குழுவில் இருந்த செனட்டர் எஸ். நடேசனே அதற்கு உடன்படவில்லை என்பது வரலாறு. மறுபுறம், தமிழர்கள் தங்கள் கொடியை ஏற்றுமாறு கேட்டால், அது அங்கீகரிக்கப்பட்ட நாடு ஒன்றின் கொடி இல்லை என்று விதிகள் கைவிரிக்கும். விடுதலைப் புலிகள் இயக்கம் பிரிட்டனில் 2001 முதல் தடை செய்யப்பட்டிருப்பதால், பயங்கரவாதச் சட்டத்தின் நிழலும் அந்தக் கோரிக்கையின் மேல் விழும். அரசுள்ள தரப்புக்குக் கம்பம் கிடைக்கும், அரசற்ற தரப்புக்குக் கிடைக்காது. 'அங்கீகரிக்கப்பட்ட நாடுகளின் கொடிகள் மட்டும்' என்ற விதி நடுநிலையாகத் தோன்றினாலும், உண்மையில் மன்றத்தின் தீர்ப்பை வெளியுறவு அமைச்சகத்தின் தீர்ப்புக்கு அடகு வைக்கிறது. பிரிட்டன் 2025 செப்டம்பர் 21 அன்று பாலஸ்தீனத்தை அங்கீகரித்தது. செப்டம்பர் 20 அன்று ஒரு நகர மண்டபத்தில் கேள்விக்குரியதாக இருந்த கொடி, மறுநாள் மாலைக்குள் கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது. அந்த ஊரில் எதுவும் மாறவில்லை.

எதிர்வாதத்தின் வலுவான வடிவத்தையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் அது உண்மையிலேயே வலுவானது. 1981இல் நெல்சன் மண்டேலா சிறையில் இருந்தபோது அவருக்கு நகரின் உயரிய கௌரவத்தை அளித்தது கிளாஸ்கோ மாநகரம்; அப்படிச் செய்த முதல் நகரம் அதுதான். 1986இல் தென்னாப்பிரிக்காவின் துணைத் தூதரகம் இருந்த சதுக்கத்துக்கு அவர் பெயரையே சூட்டியது. நிறவெறி அரசின் அலுவலர்கள் தம் கடித முகவரியில் தாங்கள் சிறைவைத்தவரின் பெயரை எழுத வேண்டிய நிலை. மத்திய அரசு பொருளாதாரத் தடைகளுக்கு இணங்க மறுத்த காலம் அது. உள்ளூர் மன்றங்கள் வாய்மூடி இருந்திருந்தால் பிரிட்டனின் குரல் அவ்வளவுதான் என்றாகியிருக்கும். 1993இல் மண்டேலா நேரில் வந்து நன்றி சொன்னார். இதையெல்லாம் உள்ளாட்சியின் வேலை இல்லை என்று ஒதுக்கித் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் கிளாஸ்கோ செய்ததன் தன்மையைக் கவனிக்க வேண்டும். தனக்கு உரிமையான இரண்டை அது பயன்படுத்தியது: நகரத்தின் கௌரவப் பட்டம், நகரத்தின் தெருப் பெயர். இரண்டும் ஒரு மனிதரைக் குறித்தவை. இரண்டும் மன்றத்தில் விவாதித்து, பொறுப்பேற்று எடுத்த முடிவுகள். முக்கியமாக, இறக்க வேண்டிய தேவை இல்லாதவை. மண்டேலா சதுக்கம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. ஒரு நாட்டின் கொடி இப்படி நடந்துகொள்வதில்லை. அது ஒரு அரசைக் குறிக்கிறது. அரசுகள் மாறும், போர்களின் போக்கு மாறும், நேற்று தாக்கப்பட்டவர் நாளை தாக்குபவராகலாம். கிளாஸ்கோ நகர மன்றக் கட்டிடமும் 2014 ஆகஸ்டில் பாலஸ்தீனக் கொடியை ஏற்றியது. மண்டேலா முடிவைப் போற்றும் பலரும் இந்த முடிவில் பிரிந்து நின்றார்கள்.

இனி, இறக்குவதைப் பற்றி. ஷெஃபீல்டு நகர மண்டபத்தில் 2023 அக்டோபரில், ஹமாஸ் தாக்குதலுக்குப் பின் இஸ்ரேல் கொடி ஏற்றப்பட்டது. அக்டோபர் 10 மாலை போராட்டக்காரர்கள் கட்டிடத்தின் மேல் ஏறி, அதை இறக்கிவிட்டுப் பாலஸ்தீனக் கொடியைக் கட்டினார்கள். ஏற்றியபோது கொல்லப்பட்டவர்களுக்கான அஞ்சலி என்று எண்ணியவர்கள் இருந்திருப்பார்கள்; காசாவில் குண்டுவீச்சு தொடர்ந்தபோது அதே துணிக்குப் பொருள் மாறிவிட்டது. மன்றம் தன் வாக்கியத்தை மாற்றவில்லை, சுற்றியிருந்த உலகம் மாற்றிவிட்டது. உக்ரைன் கொடிக்கு இதற்கு நேரெதிர் நிலை. 2022 பிப்ரவரியில் ஏற்றிய பல மன்றங்கள் போர் சில மாதங்களில் முடியும் என்று நம்பியிருக்கலாம். ஆண்டுகள் ஓடின. போர் முடியாதபோது இறக்கினால் கைவிட்டுவிட்டோம் என்றாகும். இறக்காவிட்டால், அந்தக் கொடி யாரும் அண்ணாந்து பார்க்காத ஒரு கட்டிட உறுப்பாகிவிடும். 2025 மே மாதத் தேர்தலில் இங்கிலாந்தில் 10 மன்றங்களைக் கைப்பற்றிய ரிஃபார்ம் யுகே கட்சி, தன் மன்றங்களில் பிரிட்டனின் தேசியக் கொடியான யூனியன் ஜாக், இங்கிலாந்தின் செயின்ட் ஜார்ஜ் கொடி, கவுண்டிக் கொடி ஆகியவை மட்டுமே பறக்கும் என்று அறிவித்தபோது, இறக்குவதே ஓர் அரசியல் செய்தியானது. முடிவுத்தேதி எழுதப்பட்டிருந்தால் அந்த வாய்ப்பை யாருக்கும் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

இறக்குவது எவ்வளவு எரியும் என்பதற்கு வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்டைப் போல் சான்று இல்லை, அங்கே சர்ச்சை சொந்த நாட்டுக் கொடியைப் பற்றியதுதான் என்றாலும். 1906இல் திறந்த நாளிலிருந்து நகர மண்டபத்தில் அன்றாடம் பறந்த யூனியன் ஜாக்கைக் குறிப்பிட்ட சில நாள்களுக்கு மட்டும் என்று சுருக்க, 2012 டிசம்பர் 3 அன்று 29க்கு 21 என்ற வாக்கில் மன்றம் முடிவு செய்தது. மாதக் கணக்கில் போராட்டம். நூற்றுக்கும் மேற்பட்ட காவலர்களுக்குக் காயம். கம்பத்தில் என்ன இருக்கிறது என்பதை அன்றாடம் கவனிக்காத மக்கள், அது இல்லாமல் போகும் நாளில் கவனிப்பார்கள்.

அப்படியானால், 'நம் கொடி மட்டும்' என்ற தீர்மானம் சரியா? பாதி சரி. எளிமையானது, எல்லாருக்கும் ஒன்றானது. ஆனால் இரட்டை நகர உறவில், அதாவது வேறு நாட்டு ஊர் ஒன்றோடு முறைப்படி பூணும் நட்புறவில், இருக்கும் ஊரிலிருந்து மேயர் வந்தால் அவர் நாட்டுக் கொடியை ஒரு நாள் ஏற்றுவது உலகெங்கும் உள்ள விருந்தோம்பல் மரபு. அதையும் தடுப்பது சுருங்கிய மனம். மேலும், இத்தகைய தடைகள் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட கொடியை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. அது வெளியே தெரியாமல் இருப்பதில்லை. மிச்சிகன் மாநிலத்தின் ஹாம்ட்ராம்க் நகரம் 2023இல் விதித்த தடையில், நகரத்தின் பன்னாட்டுத் தன்மையைக் காட்டும் வெளிநாட்டுக் கொடிகளுக்கு இடம் உண்டு. பால்புதுமையினரின் வானவில் கொடிக்கு இல்லை. யூட்டா மாநிலம் 2025இல் அரசுக் கட்டிடங்களில் பட்டியலிடப்பட்ட கொடிகள் மட்டும் என்று சட்டம் போட்டதும், சால்ட் லேக் நகரம் தன் சின்னமான செகோ அல்லிப் பூவைச் சேர்த்து, வானவில் கொடி உட்படச் சில கொடிகளைத் தன் அதிகாரபூர்வ நகரக் கொடிகளாகவே அறிவித்துக்கொண்டது. குறிவைத்து எழுதும் விதிக்கு இப்படித்தான் பதில் வரும்.

நான் எழுதுவதாக இருந்தால் விதி இப்படி இருக்கும். கம்பம் மன்றத்துடையது, பொதுமக்களுக்கான மேடை இல்லை என்று முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். பாஸ்டனின் பாடம் அது. வேற்று நாட்டுக் கொடி, அந்நாட்டின் அதிகாரபூர்வ விருந்தினர் அல்லது இரட்டை நகரத்தின் பிரதிநிதிகள் வரும் நாளில் மட்டும் ஏறும். அவர்கள் புறப்பட்டதும் இறங்கும். போரில் இருக்கும் எந்தத் தரப்பின் கொடியும் ஆதரவின் அடையாளமாக ஏறாது. வெளிநாட்டில் பேரழிவோ படுகொலையோ நேர்ந்தால், மன்றம் தன் சொந்தக் கொடியை ஒரு நாள் அரைக்கம்பத்தில் பறக்கவிட்டு, மண்டபத்தில் இரங்கல் பதிவேட்டை வைக்கலாம். அஞ்சலி செத்தவர்களுக்குப் போகும், எந்த அரசுக்கும் போகாது. இவற்றுக்கு அப்பால் ஏதேனும் கொடியை ஏற்றியே ஆக வேண்டும் என்றால், மன்றத் தலைவரின் தனி முடிவாக இல்லாமல் முழு மன்றத்தின் வாக்கெடுப்பாக இருக்கட்டும். ஏற்றும் தீர்மானத்திலேயே இறக்கும் நாளும் எழுதப்படட்டும். பழைய நகர மண்டபங்கள் பலவற்றில் கூரை மேல் ஒரே கம்பம்தான் உண்டு. ஒரு நாட்டின் கொடிக்குக் கீழே இன்னொரு நாட்டின் கொடியை ஒரே கம்பத்தில் கட்டுவது மரபில்லை. அந்த இடங்களில் வேற்று நாட்டுக் கொடி ஏற வேண்டுமென்றால் யூனியன் ஜாக் இறங்க வேண்டும் என்பதையும் வாக்களிக்கும் முன் கவுன்சிலர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

இந்த விதிக்கு ஒரு விலை உண்டு என்பதை மறைக்க மாட்டேன். 2022 பிப்ரவரி போல, அநியாயம் எந்தப் பக்கம் என்று கிட்டத்தட்ட எல்லாரும் ஒப்புக்கொள்ளும் தருணத்திலும் என் மன்றத்தின் கம்பத்தில் தாக்கப்பட்ட நாட்டின் கொடி ஏறாது. அந்நாள்களில் தெருவில் நீலமும் மஞ்சளும் பார்த்து ஆறுதல் அடைந்த உக்ரைனியர்கள் உண்மையானவர்கள். அந்த ஆறுதலுக்கு மதிப்பில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே மன்றங்கள் அவர்களுக்காக வேறு பலவற்றைச் செய்தன. 'ஹோம்ஸ் ஃபார் உக்ரைன்' திட்டத்தில், அகதிகளைத் தங்கவைக்க முன்வந்த வீடுகளை நேரில் போய்ச் சோதித்தது கவுன்சில்; குழந்தைகளுக்குப் பள்ளி இடம் தேடியது கவுன்சில்; விருந்தளித்தவருக்கு மாதம் 350 பவுண்டு நன்றித் தொகையைப் பட்டுவாடா செய்தது கவுன்சில். இதற்காக மத்திய அரசு முதல் ஆண்டுக்கு ஆள் ஒருவருக்கு 10,500 பவுண்டு கொடுத்தது. 2023 ஜனவரி முதல் வருபவர்களுக்கு அதை 5,900 ஆகக் குறைத்தது. அந்தக் குறைப்பைப் பற்றி நடந்த விவாதம் கொடியைப் பற்றி நடந்ததில் பாதி அளவுக்காவது இருந்திருக்கலாம் என்று எனக்கு ஓர் ஆதங்கம். அகதிக்கு எது உதவும் என்று கேட்டால், உள்ளாட்சி மன்றத்தின் அதிகாரம் முழுவதும் கூரைக்குக் கீழேதான் இருக்கிறது.

கேட்டவர் இப்போது செய்யக்கூடியது இது. உங்கள் கவுன்சிலில் கொடி பற்றி எழுதப்பட்ட கொள்கை இருக்கிறதா, முதல் கொடியை ஏற்றும் முடிவை எடுத்தது யார், இரண்டாவதை மறுத்ததற்குப் பதிவு செய்யப்பட்ட காரணம் என்ன என்ற மூன்றையும் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள்; 20 வேலை நாள்களுக்குள் பதில் தர வேண்டும். கொள்கை எதுவும் இல்லை என்று பதில் வந்தால், அதுவே உங்கள் வாதத்தின் தொடக்கம். முழு மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் கேள்வி நேரம் இருந்தால் அங்கே எழுப்புங்கள். வரவிருக்கும் தடைத் தீர்மானத்தை ஒட்டுமொத்தமாக எதிர்க்க வேண்டியதில்லை. விருந்தினர் வருகைக்கு ஒரு நாள் விலக்கு, துக்கத்துக்குச் சொந்தக் கொடி அரைக்கம்பத்தில், ஏறும் எந்தக் கொடிக்கும் முன்கூட்டியே இறங்கும் தேதி என்ற மூன்று திருத்தங்களை உங்கள் வார்டு கவுன்சிலர் வழியாக முன்வைக்கச் சொல்லுங்கள். மூன்றாவது திருத்தத்தை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். மற்ற இரண்டும் போனாலும் அது நின்றால் போதும்.